காதோரக் கட்டிக்குப் பெயர் சூட்டும் திசு ஆய்வு

காதுக்குக் கீழே, தாடை எலும்பு வளையும் இடத்தில், கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. முகம் கழுவும்போதோ சவரம் செய்யும்போதோ தற்செயலாகக் கையில் தட்டுப்படுகிறது. ஆங் மோ கியோவில் வசிக்கும் ஒருவருக்கு இப்படி நேர்ந்தால், அவர் முதலில் செல்லும் இடம் அநேகமாக அங்குள்ள பலதுறை மருந்தகமாகவோ புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் குடும்ப மருத்துவரின் மருந்தகமாகவோ இருக்கும். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் பெருவிரைவு ரயிலில் நான்கு நிறுத்தங்கள் தள்ளி, நொவினாவில் உள்ள டான் டொக் செங் மருத்துவமனைக்கு அவர் அனுப்பப்படலாம்.

அதன்பின் வரும் காத்திருப்புதான் பல குடும்பங்களுக்குப் பெரும் சோதனை. ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள், அறிக்கை வந்தது. ஆனால் அதில் உள்ள சொற்கள் புரிவதில்லை. ‘புற்றுநோயா, இல்லையா?’ என்ற ஒற்றைக் கேள்விக்கு ஏன் நேரடியான பதில் கிடைப்பதில்லை என்ற குழப்பமே மிஞ்சுகிறது.

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு விடை சொல்வது உண்மையிலேயே கடினம். தலை, கழுத்துப் பகுதியில் தோன்றும் கட்டிகளில் சுமார் 3 முதல் 6 விழுக்காடு மட்டுமே உமிழ்நீர்ச் சுரப்பிகளில் உருவாகின்றன. அந்தச் சிறு எண்ணிக்கைக்குள் புற்றுநோய் வகைகள் மட்டுமே 20க்கும் மேல் உள்ளன. உடலின் வேறெந்த உறுப்பிலும் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு வகைகளைக் காண்பது அரிது.

சுரப்பிகள் எங்கே உள்ளன?

நாள் ஒன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் நம் வாயில் சுரக்கிறது. அதைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று இணைகள். காதுக்கு முன்னும் கீழும் இருப்பது காதருகுச் சுரப்பி. மருத்துவர்கள் அதைப் பரோட்டிட் என்பர். தாடை எலும்புக்குக் கீழே இருப்பது தாடையடிச் சுரப்பி. நாக்குக்கு அடியில் இருப்பது நாவடிச் சுரப்பி. இவை தவிர உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் ஆகிய இடங்களில் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன.

கட்டி எந்தச் சுரப்பியில் இருக்கிறது என்பதே மருத்துவர்களுக்குக் கிடைக்கும் முதல் துப்பு. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் பெரும்பாலானவை காதருகுச் சுரப்பியில் தோன்றுகின்றன. அவற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு தீங்கற்றவை. தாடையடிச் சுரப்பியில் தோன்றுபவற்றில் ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்கக்கூடும். நாவடிச் சுரப்பியிலும் அண்ணத்திலுள்ள சிறு சுரப்பிகளிலும் அந்த விகிதம் இன்னும் கூடுகிறது. சுரப்பி சிறிதாக இருக்க இருக்கச் சந்தேகம் பெரிதாகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எல்லா வீக்கமும் கட்டி அல்ல

நம் வீடுகளில் காதோர வீக்கம் என்றாலே ‘பொன்னுக்கு வீங்கி’ என்றுதான் முதலில் சொல்வார்கள். பிள்ளையின் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடும் பழக்கமும் சில குடும்பங்களில் உண்டு. அது கிருமியால் வரும் தொற்று; சில நாள்களில் தானாகவே வடிந்துவிடும். சிங்கப்பூரில் குழந்தைகளுக்கு 12வது மாதத்திலும் 15வது மாதத்திலும் போடப்படும் எம்எம்ஆர் தடுப்பூசி அதற்கும் பாதுகாப்பு தருகிறது.

சாப்பிட உட்காரும்போது தாடைக்குக் கீழே வீங்கி வலித்து, பிறகு மெல்ல வடிந்தால், உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருக்க வாய்ப்புண்டு. அத்தகைய கற்களில் பெரும்பாலானவை தாடையடிச் சுரப்பியில்தான் உருவாகின்றன. கண்ணும் வாயும் வறண்டு, இரு பக்கமும் சுரப்பி வீங்கினால் ஷோகிரன் எனும் தன்னெதிர்ப்பு நோயாக இருக்கலாம். காசநோயும் சில சமயம் காதோரத்து நிணநீர்க் கணுவில் கட்டியைப் போல் தோன்றி ஏமாற்றும். கீழுதட்டின் உட்புறம் நீர்க்கொப்புளம்போல் வந்து வந்து உடைவது, பெரும்பாலும் பல்லால் கடிபட்ட சிறு சுரப்பியிலிருந்து உமிழ்நீர் கசிந்து தேங்குவதால் ஏற்படுகிறது.

இவை ஒன்றும் இல்லை, வாரக்கணக்கில் கட்டி அப்படியே இருக்கிறது அல்லது மெல்ல வளர்கிறது என்றால்தான் திசு ஆய்வு தேவைப்படுகிறது. வலி இல்லை என்பதற்காகத் தள்ளிப்போடக்கூடாது. தீங்கற்ற கட்டியும் வலிப்பதில்லை. தொடக்கநிலைப் புற்றுநோயும் பல நேரம் வலிப்பதில்லை.

ஏன் உடனே வெட்டி எடுப்பதில்லை?

தோலில் ஒரு கட்டி என்றால் சிறு துண்டு வெட்டிச் சோதிப்பது வழக்கம். காதருகுச் சுரப்பியில் அப்படிச் செய்யத் தயங்குவதற்கு இரு காரணங்கள் உண்டு.

முதலாவது, முக நரம்பு. மண்டையோட்டிலிருந்து வெளிவரும் இந்த நரம்பு நேராகக் காதருகுச் சுரப்பிக்குள் நுழைந்து, அங்கேயே ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. நெற்றியைச் சுருக்குவது, கண்ணை மூடுவது, சிரிப்பது, உதட்டைக் குவிப்பது எல்லாம் அதன் வேலை. அது சேதமடைந்தால் ஒரு பக்க முகம் தொங்கிவிடும். கண் முழுமையாக மூடாது.

இரண்டாவது காரணம், கட்டியின் உறை. உமிழ்நீர்ச் சுரப்பிகளில் மிக அதிகமாகக் காணப்படும் தீங்கற்ற கட்டிக்கு ‘பிளியோமார்ஃபிக் அடினோமா’ என்று பெயர். கலப்புக் கட்டி என்றும் அதைச் சொல்வர். அதன் உறை மெல்லியது. உறை கிழிந்து அணுக்கள் சுற்றிலும் சிந்தினால், பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் ஒன்றுக்குப் பதிலாகப் பல சிறு கட்டிகள் முளைக்கும். முன்பு கட்டியை மட்டும் தோண்டி எடுக்கும் முறை இருந்த காலத்தில் அது திரும்ப வருவது அடிக்கடி நடந்தது. சுற்றியுள்ள சுரப்பித் திசுவோடு சேர்த்து, நரம்பைக் காப்பாற்றி அகற்றும் முறை வந்த பிறகே அந்த நிலை மாறியது.

ஆகவே, மருத்துவர்கள் முதலில் மெல்லிய ஊசியைத்தான் நாடுகிறார்கள். அல்ட்ராசவுண்ட் திரையில் கட்டியைப் பார்த்தபடி, ஊசியைச் செலுத்திச் சில அணுக்களை உறிஞ்சி எடுப்பார்கள். அவற்றைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

மிலான் நகரின் பெயரில் ஒரு முறை

ஊசி ஆய்வின் முடிவை ஆளுக்கொரு விதமாக எழுதினால் அறுவை மருத்துவர் குழம்பிவிடுவார். இதைச் சீர்செய்ய, பல நாட்டு நிபுணர்கள் 2015ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் கூடி ஒரு பொது முறைக்கு அடித்தளமிட்டனர். ‘மிலான் முறை’ எனப்படும் அது 2018ல் நூலாக வெளிவந்தது. 2023ல் திருத்திய பதிப்பு வந்தது. அறிக்கையில் ரோமன் எண்களில் ஒன்று முதல் ஆறு வரை காணப்படும் பிரிவுகள் இந்த முறையைச் சேர்ந்தவை.

முதல் பிரிவு, போதிய அணுக்கள் கிடைக்கவில்லை என்று பொருள். அது நல்ல செய்தியும் அல்ல, கெட்ட செய்தியும் அல்ல. ஊசியை மீண்டும் போட வேண்டியிருக்கலாம். இரண்டாம் பிரிவு, அழற்சி அல்லது தொற்று, கட்டி அல்ல. மூன்றாம் பிரிவு, அணுக்கள் இயல்பாக இல்லை, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது. நான்காம் பிரிவு இரண்டாகப் பிரிகிறது. முதல் உட்பிரிவு தீங்கற்ற கட்டி. மற்றது, கட்டி என்பது உறுதி, ஆனால் அதன் குணம் உறுதியாகவில்லை என்பது. ஐந்தாம் பிரிவு புற்றுநோயாக இருக்கலாம் என்ற வலுவான சந்தேகம். ஆறாம் பிரிவு புற்றுநோய்.

2023 பதிப்பின்படி, தீங்கற்ற கட்டி என்று சொல்லப்பட்டதில் பின்னர் புற்றுநோயாகத் தெரியவருவது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. குணம் உறுதியாகாத பிரிவில் அது சுமார் 35 விழுக்காடு. ஐந்தாம் பிரிவில் 83. ஆறாம் பிரிவில் 98க்கும் மேல். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் எவ்வளவு பெரிய அறுவை சிகிச்சை தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்கிறார்.

ஊசி ஆய்வால் ஏன் எல்லாவற்றையும் சொல்ல முடியாது? ஊசி அணுக்களை மட்டுமே தருகிறது. அவை அமைந்திருந்த விதத்தைத் தருவதில்லை. ஒரு வீட்டின் செங்கற்களை அள்ளிவந்து காட்டி, அந்த வீடு எப்படி இருந்தது என்று கேட்பதைப் போன்றது அது. தீங்கற்ற கட்டிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள வேறுபாடு சில வேளைகளில் அணுவின் முகத்தில் இல்லை. அது அருகிலுள்ள திசுவுக்குள் ஊடுருவுகிறதா என்பதில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க முழுக் கட்டியும் வேண்டும்.

ஆய்வகத்தில் நடப்பது என்ன?

அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட திசு, அழுகாமல் இருக்க ஃபார்மலின் திரவத்தில் இடப்படுகிறது. நோயியல் நிபுணர் அதை அளந்து, நிறுத்து, வெட்டு விளிம்புகளில் மை பூசுகிறார். கட்டி விளிம்பைத் தொடுகிறதா என்று பின்னர் நுண்ணோக்கியில் அறிய அந்த மைதான் அடையாளம். பிறகு திசு துண்டுகளாக வெட்டப்பட்டு, நீர் நீக்கப்பட்டு, பாரஃபின் மெழுகில் பதிக்கப்படுகிறது.

மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்ற கருவி சீவுகிறது. ஒவ்வொரு சீவலும் சுமார் 4 மைக்ரான் தடிமன். மனிதத் தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் அது பதினைந்தில் ஒரு பங்குக்கு அருகில்தான் வரும். சீவல் தண்ணீரில் மிதக்கவிடப்பட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுக்கப்படுகிறது. ஹெமடாக்சிலின் என்ற சாயம் அணுக்கருவை ஊதா நீலமாக்கும். இயோசின் மற்றப் பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். ஹெமடாக்சிலின் மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுக்கப்படுவது. நூறாண்டுக்கும் மேலாக உலகெங்கும் திசு ஆய்வின் அடிப்படை இந்த இரு சாயங்கள்தான்.

இந்த வேலைகளுக்கு நேரம் பிடிக்கும். ஃபார்மலின் திசுவுக்குள் ஊறவே பல மணி நேரம் தேவை. கூடுதல் சாயங்களும் மரபணுச் சோதனைகளும் தேவைப்பட்டால் அறிக்கை இன்னும் தாமதமாகும். அறிக்கை தாமதமானாலே கெட்ட செய்தி என்று எண்ணிக் கலங்கத் தேவையில்லை.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பாதை

நுண்ணோக்கியில் பிளியோமார்ஃபிக் அடினோமா, சுரப்பி அணுக்களும் குருத்தெலும்பு போன்ற பகுதிகளும் கலந்து காணப்படும். அது தீங்கற்றது. இருந்தும் அதை அகற்றிவிடச் சொல்வதற்குக் காரணம், ஆண்டுகள் செல்லச் செல்ல அதற்குள் புற்றுநோய் உருவாகும் வாய்ப்பு கூடுவதுதான். முதல் 5 ஆண்டுகளில் சுமார் 1.5 விழுக்காடாக இருக்கும் அந்த வாய்ப்பு, 15 ஆண்டுகளுக்குப் பிறகு 10 விழுக்காட்டை நெருங்குவதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. ‘இருபது வருடமாக இருக்கிறது, ஒன்றும் செய்யவில்லை’ என்று சொல்லும் மூத்தோரின் கட்டி திடீரென வேகமாக வளர்ந்தால் உடனே கவனிக்க வேண்டியது இதனால்தான்.

இரண்டாவதாக அதிகம் காணப்படும் தீங்கற்ற கட்டி வார்தின் கட்டி. 1929ல் அதை விவரித்த அமெரிக்க மருத்துவர் ஆல்ட்ரெட் ஸ்காட் வார்தினின் பெயரைக் கொண்டது. புகைபிடிப்போரிடம் அது பல மடங்கு அதிகமாகத் தோன்றும். சில சமயம் இரு காதோரங்களிலும் வரும். புற்றுநோயாக மாறுவது மிக அரிது என்பதால், நோயாளியின் வயதையும் உடல்நிலையையும் பொறுத்து அறுவை சிகிச்சையின்றிக் கண்காணிக்கவும் இடமுண்டு. இரண்டும் தீங்கற்றவை, ஆனால் ஒன்றை அகற்றச் சொல்வார்கள், மற்றதை விட்டுவைக்கலாம். பெயர் சரியாக இருக்க வேண்டியது ஏன் என்பதற்கு இதுவே போதுமான சான்று.

புற்றுநோய்களில் மிக அதிகமாகக் காணப்படுவது மியூகோஎபிடர்மாய்ட் கார்சினோமா. அதிலும் தரம் உண்டு. குறைந்த தரத்துக் கட்டிகள் அறுவை சிகிச்சையோடு பெரும்பாலும் குணமாகிவிடும். உயர்தரக் கட்டிகளுக்குக் கழுத்து நிணநீர்க் கணுக்களை அகற்றுவதும் கதிரியக்கச் சிகிச்சையும் தேவைப்படலாம்.

அடினாய்ட் சிஸ்டிக் கார்சினோமா நுண்ணோக்கியில் துளைகள் நிறைந்த பாலாடைக்கட்டியைப் போல் தெரியும். மெதுவாக வளரும், ஆனால் நரம்புகளின் வழியே ஊர்ந்து செல்லும். பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டக்கூடும். அதனால் ‘ஐந்தாண்டு ஆகிவிட்டது, இனிக் கவலையில்லை’ என்று இந்த வகையில் சொல்ல முடியாது. கண்காணிப்பு நீண்டகாலம் தொடர வேண்டும்.

மாறிக்கொண்டே இருக்கும் பட்டியல்

இந்தப் பெயர்களை உலகம் முழுவதும் ஒரே பொருளில் பயன்படுத்த உலகச் சுகாதார நிறுவனம் வகைப்பாட்டு நூல்களை வெளியிடுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிக்கான முதல் வகைப்பாடு 1972லும் இரண்டாவது 1991லும் வந்தன. தலை, கழுத்துக் கட்டிகளுக்கான நூலின் ஒரு பகுதியாக 2005, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் அது புதுப்பிக்கப்பட்டது.

1972 பட்டியலில் மியூகோஎபிடர்மாய்ட் வகை, ‘கட்டி’ என்றே குறிக்கப்பட்டது. அவற்றில் எதுவும் பரவக்கூடும் என்பது தெளிவானபின் 1991ல் அது ‘புற்றுநோய்’ ஆனது. ஒரு சொல் மாறியதும் சிகிச்சையும் கண்காணிப்பும் மாறின.

அதே 1991ல் வெளிவந்த மற்றொரு நூலில் சிங்கப்பூரின் முத்திரை உண்டு. மூக்கு, மூக்கின் பின்தொண்டை உள்ளிட்ட மேல் சுவாசப் பாதைக் கட்டிகளுக்கான உலகச் சுகாதார நிறுவன வகைப்பாட்டை 1978லும் 1991லும் வகுத்தளித்தவர் சிங்கப்பூரின் பேராசிரியர் கே. சண்முகரத்னம். 1921ல் பிறந்து 2018ல் மறைந்த அவர், சிங்கப்பூரில் நோயியல் துறையின் தந்தையாகப் போற்றப்படுபவர். அதிபர் தர்மன் சண்முகரத்னத்தின் தந்தை. 1968 முதல் இங்குள்ள புற்றுநோய்களைப் பதிந்துவரும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவியவரும் அவரே.

அவர் ஆழ்ந்து ஆராய்ந்த பின்தொண்டைப் புற்றுநோய்க்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் நேரடித் தொடர்புண்டு. தென்சீன வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்படும் லிம்ஃபோஎபிதீலியல் கார்சினோமா என்ற உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய், நுண்ணோக்கியில் பின்தொண்டைப் புற்றுநோயைப் போலவே இருக்கும். இரண்டிலும் எப்ஸ்டைன்-பார் கிருமியின் தடயம் தென்படும். எனவே, காதோரத்தில் இத்தகைய திசு தெரிந்தால், மூக்கின் பின்புறத்தையும் சோதித்து அங்கிருந்து பரவியது அல்ல என்று உறுதிசெய்த பிறகே அறிக்கைக்கு இறுதி வடிவம் தரப்படும்.

மரபணு திறந்த கதவு

கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாததை இப்போது மரபணு பிரிக்கிறது. 2010ல் செக் நாட்டு நோயியல் நிபுணர் அலெனா ஸ்கலோவாவும் அவரது குழுவினரும், அதுவரை வேறு வகைகளில், குறிப்பாக அசினிக் செல் கார்சினோமாவில், சேர்க்கப்பட்டுவந்த சில கட்டிகள் தனி வகை என்று கண்டறிந்தனர். மார்பகத்தில் வரும் ஓர் அரிய புற்றுநோயில் காணப்படும் அதே மரபணு இணைவு அவற்றிலும் இருந்தது. இன்று அதன் பெயர் செக்ரெட்டரி கார்சினோமா.

அது ஏட்டளவில் நின்றுவிட்ட கண்டுபிடிப்பு அல்ல. அந்த மரபணு இணைவைக் குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2018ல் அனுமதி அளித்தது. முற்றிய நிலையில் உள்ள செக்ரெட்டரி கார்சினோமா நோயாளிக்கு, பெயர் சரியாகத் தெரிந்தால் ஒரு மாத்திரை வழி இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை.

புகையிலைக்குப் பங்கு உண்டா?

வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கம் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாக நிறுவப்பட்டது. சிங்கப்பூரில் குட்கா, கைனி, ஜர்தா ஆகியவை 2016 ஆகஸ்ட் 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயோடு புகையிலைக்கு உள்ள தொடர்பு அவ்வளவு தெளிவாக நிறுவப்படவில்லை. அமெரிக்கப் பேஸ்பால் வீரர் டோனி குவின், உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயால் 2014ல் 54 வயதில் காலமானார். தமது பல்லாண்டுப் புகையிலைப் பழக்கமே காரணம் என்று அவர் நம்பினார். அறிவியல் அதை உறுதிசெய்யவில்லை. ஆனால், வார்தின் கட்டிக்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பில் ஐயமில்லை. தலை, கழுத்துப் பகுதிக்கு முன்பு கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி வரும் வாய்ப்பு கூடுதல்.

அறிக்கை கைக்கு வரும்போது

காதோரத்திலோ தாடைக்குக் கீழோ அண்ணத்திலோ இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் கட்டியை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கட்டியோடு முகம் ஒரு பக்கம் கோணுவது, மரத்துப்போவது, தோலோடு கட்டி ஒட்டிக்கொள்வது, கழுத்தில் வேறு கணுக்கள் தட்டுப்படுவது ஆகியவை அவசர அறிகுறிகள். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு சென்றால் சிங்கப்பூரர்களுக்கு நிபுணரிடம் மானியக் கட்டணம் கிடைக்கும்.

ஊசி ஆய்வு அறிக்கை வந்ததும் கேட்க வேண்டியவை: மிலான் முறையில் எந்தப் பிரிவு? மீண்டும் ஊசி தேவையா? அறுவை சிகிச்சை என்றால் முக நரம்புக்கு எவ்வளவு ஆபத்து? அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் அறிக்கையில் கட்டியின் வகை, தரம், வெட்டு விளிம்பில் கட்டி உள்ளதா, நரம்புக்குள் ஊடுருவியுள்ளதா, நிணநீர்க் கணுக்களின் நிலை என்ன ஆகிய ஐந்தையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. அரிய வகை என்றாலோ, ஊசி ஆய்வும் இறுதி அறிக்கையும் முரண்பட்டாலோ, அதே கண்ணாடித் தகடுகளை மற்றொரு நோயியல் நிபுணரிடம் காட்டி இரண்டாவது கருத்துப் பெறலாம். அதற்காக மருத்துவர் வருத்தப்படுவாரோ என்று தயங்க வேண்டாம்.

மூத்தோருடன் மருத்துவமனைக்குச் செல்லும் பிள்ளைகள் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது அவசியம். கட்டி பத்தாண்டு கழித்துத் திரும்பினால், அப்போது சிகிச்சை அளிக்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தப் பழைய தாளைத்தான்.